திறப்பைக் கொடுத்தவன்

எங்கள் இறங்குதுறையடியில் மின்சார வாகனங்களுக்குச் சார்ஜ் போடும் தூண் ஒன்றை நட்டு எட்டு மாதம் முடிவதற்குள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. இன்னொருவருக்குக் காதில் ஒரு துண்டு போனது. ஒரு காரின் முன்கண்ணாடியைத் துடுப்பால் அடித்து நொறுக்கினார்கள். உள்ளே கைக்குழந்தை ஒன்று இருந்ததை அடித்து முடித்த பிறகுதான் பார்த்தார்கள். இந்த மூன்றையும் நான் பதிவேட்டில் ‘அசம்பாவிதம்’ என்ற தலைப்பின்கீழ் நேரத்தோடு எழுதிவைத்தேன். நான்காவதில் ஒரு மனிதனின் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதிவேடு என்னிடம் வந்த கதை சுருக்கமானது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கடிதம் எந்தத் தட்டில் போய்த் தூங்கும், எந்த ஒப்பம் இல்லாவிட்டால் எந்தக் காணி யாருக்கும் சொந்தமில்லாமல் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இப்போதும் சனம் படிவங்களோடு வீட்டுக்கு வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கம் அந்தத் தூணை வாங்கி அனுப்பியபோது, நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பிறகு அதை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. ஒரு குழு வேண்டும் என்றேன். குழுவுக்குச் செயலாளர் வேண்டும் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயால் வந்த வினை. குறிகட்டுவானில், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறும் இடத்துக்குக் கிட்ட, தகரத்தால் ஒரு சிறு கொட்டில் அடித்து, ஒரு மேசையும் கதிரையும் போட்டுத் தந்தார்கள். காலையில் பஸ்ஸில் போய் அங்கே உட்காருவேன், பின்னேரம் திரும்புவேன்.

ஒரு தூண். அதிலிருந்து ஒரு தடித்த வயர். வயரின் நுனியில் துவக்குப் பிடியைப் போல ஒரு பிளக், நல்ல பாரம். முன்னால் ஒரே ஒரு வாகனம் நிற்க இடம். அவ்வளவுதான் எங்கள் தீவுப்பகுதியின் பொது மின்னேற்ற வசதி.

இவ்வளவு சின்ன வசதிக்கு இவ்வளவு சனம் ஏன் அடிபட்டது என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் மின்சாரக் காரோடு ஒரு நாள் சுற்றிப் பார்க்கவேண்டும். கைத்தொலைபேசியில் பார்த்தால் பட்டினம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். பச்சை என்றால் போய்ப் போடலாம் என்று அர்த்தம். ஒரு நாள் வேலைகெட்டுப்போய் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். முதலாவது ஒரு ஹோட்டலின் முற்றத்தில் இருந்தது. தங்குபவர்களுக்கு மட்டும் என்று காவலாளி சொன்னார். இரண்டாவது திறப்பு விழாவுக்குச் சுற்றிய பொலித்தீனோடு அப்படியே நின்றது. மூன்றாவதின் முன்னால் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி நின்றன. நான்காவது வேலை செய்தது. அங்கே ஐந்து கார்கள் நின்றன. முதல் காருக்குள் ஒருவர் காலைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படுத்திருந்தார். நாட்டில் மின்சாரக் கார்கள் வந்து குவிந்த வேகத்துக்கும் தூண்கள் முளைத்த வேகத்துக்கும் இடையில் இருந்த தூரம் அந்தக் கால் நீட்டியவரின் நித்திரையில் தெரிந்தது.

ஆகவே பட்டினத்துக்காரர் ஒரு வழி கண்டார்கள். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற நாளில் எங்கள் தூணில் காரைக் கொழுவிவிட்டுப் படகு ஏறுவது. காருக்கு இரண்டரை மணித்தியாலத்தில் வயிறு நிறையும். சொந்தக்காரருக்கு அர்ச்சனை முடிந்து, அன்னதானம் முடிந்து, படகு கிடைத்துத் திரும்ப ஐந்து மணித்தியாலம். இடையில் மற்றவர்கள் வெயிலில் நின்று அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றவும் முடியாது. கார் பூட்டியிருக்கும்வரை அதன் வாய் பிளக்கைக் கடித்துக்கொண்டே இருக்கும். காது போனது அப்படி ஒரு மத்தியானத்தில்தான். பிளக்கை இழுத்துப் பார்த்தவனைக் காரின் சொந்தக்காரன் கழுத்தில் பிடிக்க, இவன் குனிந்து கடித்தான். கடித்தவன் பிறகு வாயைக் கொப்பளிக்க என்னிடம் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். அதையும் பதிந்தேன்.

இதற்கு மருந்து எங்களுடைய இறங்குதுறையிலேயே இருந்தது என்று அப்போது நினைத்தேன். தீவுக்காரர் படகு ஏறப் போகும்போது மோட்டார் சைக்கிளைக் கைப்பிடி பூட்டாமல் விட்டுவிட்டுப் போவார்கள். இடம் நெருக்கம். பின்னால் வருபவன் உருட்டி ஒதுக்கவேண்டும். அவன் உருட்டியதற்கு யாரும் கோபிப்பதில்லை. திரும்பி வந்து தங்கள் சைக்கிளைத் தேடி எடுப்பார்கள். இந்த வழக்கத்தைக் காருக்கும் ஏற்றினால் என்ன என்று யோசித்து ஒரு விதி எழுதினேன். விதி நான்கு: சார்ஜ் போட்டுவிட்டுப் படகு ஏறுபவர் வாகனத்தின் திறப்பை, அதாவது சாவியை, செயலாளரிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும், சார்ஜ் நிறைந்ததும் வாகனத்தை அப்புறப்படுத்தச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு. கொட்டிலின் சுவரில் ஒரு பனஞ்சலாகையை அறைந்து, திறப்புகளைத் தொங்கவிட அதில் பத்து ஆணி அடித்தேன்.

தீவுக்காரர் ஒரு சொல் பேசாமல் திறப்பைத் தந்தார்கள். பட்டினத்துக்காரர் காணி உறுதிப்பத்திரத்தைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார்கள். ஆனாலும் தந்தார்கள். ஒரு குறை மட்டும் இருந்தது. அந்த விதியை நிறைவேற்றக் கூட்டிய கூட்டத்தில் பாதியிலேயே இரண்டு உறுப்பினர் படகுக்கு ஓடிவிட்டார்கள். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான நிறைவெண் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று நானே என் கையால் எழுதினேன். ஆணி அடித்த சலாகையை மட்டும் கழற்றவில்லை. ‘அங்கீகாரத்துக்கு உட்பட்டது’ என்று சின்ன எழுத்தில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டேன். முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் செய்தபோது நான் சிவப்பு மையால் கோடு இழுத்த வேலை அது.

இனி அந்தத் தாடை உடைந்த மனிதன். மண்டைதீவுக்காரர். கத்தோலிக்கர். ஐம்பது வயதிருக்கும். கடல் தொழில் செய்த குடும்பம். அவருக்கு முதுகில் ஏதோ பிசகி வலை இழுக்க ஏலாமல் போக, படகையும் எஞ்சினையும் விற்று ஓட்டோ ஒன்று எடுத்து, அதை மின்சாரத்துக்கு மாற்றி, காருக்குப் போடுகிற அதே பிளக் பொருந்துமாறு வாய் வைத்திருந்தார். இறங்குதுறையில் நின்று ஓடுபவர். நயினாதீவிலிருந்து ஒரு பெண்பிள்ளை கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் போகவேண்டும்; படகால் இறங்குகிற அவளை ஏற்றிப் போவது இவருடைய பொறுப்பு. என்னை ஐயா என்பார். நான் அவரை நீர் என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இல்லை.

அன்று திருவிழாக் காலம். காலை எட்டு மணிக்கு வெள்ளை நிறத்தில் ஒரு புதுக் கார் வந்தது. பட்டினத்துக் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவருடையது. அவர் குடும்பத்தோடு இறங்கி நேரே படகுக்கு நடந்தார். காரை ஓட்டி வந்தது அவருடைய மனைவியின் தம்பி. முப்பது வயது, கழுத்தில் மொத்தச் சங்கிலி. அவன்தான் பிளக்கைப் போட்டான். விதியைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு திறப்பைத் தந்து, ஒப்பம் வைத்து, அத்தானிடம் சொல்லவேண்டிய அளவுக்கு இது பெரிய விசயமில்லை என்பதுபோல ஓடிப் படகில் ஏறினான். திறப்பை இரண்டாம் ஆணியில் தொங்கவிட்டேன்.

பத்தரைக்குச் சார்ஜ் நிறைந்தது. பதினொன்றரைக்கு மண்டைதீவுக்காரர் வந்தார். பட்டினத்தில் எங்கும் போட இடம் கிடைக்கவில்லை; பற்றறி முடியும் தறுவாயில் உருட்டாத குறையாக வந்திருந்தார். மத்தியானப் படகில் அந்தப் பிள்ளை வரும். முக்கால் மணித்தியாலம் போட்டால்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். வெள்ளைக் காரைச் சுற்றி நடந்தார். என்னைப் பார்த்தார். நான் திறப்பை எடுத்து நீட்டி, காரைக் கொண்டுபோய் வேம்புக்குக் கீழே விடச் சொன்னேன். அவர் கையை நீட்டவில்லை. சொந்தக்காரர் வந்தால் என்ன செய்யிறது என்று கேட்டார்.

“நான் இருக்கிறன்தானே,” என்றேன். “பயப்பிடாமல் எடும்.”

பிளக்கைக் கழற்றித் தூணில் தொங்கவிட்டு, காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஏறினார். மின்சாரக் கார் சத்தம் போடாது. வெள்ளையாக, ஊமையாக, மெதுவாக நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து, திருவிழாச் சனத்துக்காக விட்ட மேலதிகப் படகு ஒன்று கரையைத் தொட்டது. அதில் முதலில் இறங்கியவர் ஒப்பந்தகாரர். தன் கார் தன்னை விட்டுப் போவதைக் கண்டார்.

கள்ளன் என்ற ஒரு சொல்தான் சொன்னார். பெரிதாகக்கூடக் கத்தவில்லை. எங்கள் பகுதியில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கும் வழக்கம் கிடையாது.

ஓடிவந்து காரை மறித்து, கதவைத் திறந்து மயிரில் பிடித்து இழுத்தார். மண்டைதீவுக்காரரின் தலை கதவின் விளிம்பில் இடித்தது. கீழே விழுந்தவரின் வயிற்றில் முதல் உதை ஒப்பந்தகாரருடையது. இரண்டாவது, பின்னால் ஓடி வந்த அவருடைய மச்சானின் முழங்கால். அவன் ஓடி வரும்போது என் கொட்டிலைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். திறப்பை யார் யாரிடம் கொடுத்தார்கள் என்பது அந்தத் துறையில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் நிலத்தில் கிடந்தார். மற்றவன் என்னிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டு அடிக்கத் தொடங்கினான். அன்று எல்லோரையும்விடக் கூடுதலாக அடித்தவன் அவன்தான். உண்மை தெரிந்தவனுடைய அடி அது. எங்காவது உண்மை வாய் திறந்துவிடுமோ என்று பயந்து அடிக்கிற அடி.

பிறகு சனம். ஐஸ்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒருவன் வந்தான். கைவண்டிக்காரன் வந்தான். என் சொந்தக்காரர் இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் படித்தவர்கள். அந்த ஓட்டோவில் ஏறிப் போனவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு அம்மா, தட்டைப் பக்குவமாக மதிலில் வைத்து, செருப்பைக் கழற்றி இரண்டு தரம் முகத்தில் அடித்து, செருப்பைப் போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனார். தேங்காய்ப் பாதி உருளாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தார். வேட்டியும் வெள்ளைச் சேட்டும் போட்ட என்னை அந்தக் காருக்குள் கண்டிருந்தால் அவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள். சாரத்தை மடித்துக் கட்டிய கடற்கரையானைக் கண்டபோது யோசிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஒப்பந்தகாரர் சனத்தை விலக்கிக் குனிந்தார்.

“ஆரடா உனக்குத் திறப்புத் தந்தது?”

கேள்வி சரியான கேள்வி. விசாரணை என்றால் முதலில் கேட்கவேண்டியது அதுதான். மண்டைதீவுக்காரர் நிலத்தில் கிடந்தபடி தலையைத் திருப்பிக் கொட்டிலைப் பார்த்தார். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கொட்டில் வாசலில் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து பதிவேட்டைப் பார்த்தேன். அதன் மட்டையில் எழுதியிருந்த தலைப்பை வாசித்தேன். என் கையெழுத்து நன்றாக இருந்தது.

“ஆணியிலை கிடந்தது,” என்று அவர் சொன்னார். “நான்தான் எடுத்தனான்.”

அன்று அவர் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மச்சான் தூணில் தொங்கிய வயரைப் பிடித்து, அந்தப் பாரமான பிளக்கைச் சுழற்றி அவர் முகத்தில் இறக்கினான். பனங்கொட்டையைக் கத்தியால் பிளக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் தரம் சுழற்றியபோது வாயிலிருந்து இரத்தம் காரின் வெள்ளைக் கதவில் தெறித்தது. கதவு அழுக்காகிறது என்று யாரோ சொன்னார்கள்.

அடி நின்றதற்குக் காரணம் இரக்கமில்லை. நயினாதீவுப் படகு ஊதியது. பாதிப் பேர் உதைத்த காலை அப்படியே திருப்பிக்கொண்டு இடம் பிடிக்க ஓடினார்கள். மிச்சப் பேருக்குத் தனியாக நின்று அடிக்க மனம் வரவில்லை.

நான் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

பஸ்ஸில் எனக்கு நல்ல காரணங்கள் வந்தன. விதி நான்கு நிறைவேற்றப்படாத விதி. ஆகவே திறப்பைக் கொடுத்தது குழுவின் செயலாளர் அல்ல, தனிமனிதனாகிய நான். ஆகவே நான் வாய் திறந்தால் களவுக்கு உடந்தை. ஆகவே முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேட்பதே முறை. அல்லைப்பிட்டி தாண்டுவதற்குள் என்னை நானே முழுமையாக விடுதலை செய்துவிட்டேன். ஆனால் டிக்கெட் காசை இரண்டு தரம் கீழே போட்டேன்.

மூன்று மணிக்குக் குழு உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். மண்டைதீவுக்காரரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள்; தாடைக்குக் கம்பி வைத்துக் கட்டுகிறார்கள். அந்த நயினாதீவுப் பிள்ளை பஸ்ஸில் தொங்கிப் போய் ஒன்றரை மணித்தியாலம் பிந்திச் சேர்ந்தாளாம். ஒப்பந்தகாரர் வாகனக் களவென்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். மண்டைதீவுக்காரர் கைதி, கட்டிலோடு விலங்கு. அடித்தவர்கள் பெயர் தெரியாதவர்கள்.

மிச்சத்தை அவர் எனக்குச் சொல்லத் தேவையில்லை. கைதியை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். கைதி கட்டிலில் கிடந்தால் நீதவான் கட்டிலடிக்கு வருவார். நாளை மத்தியானத்துக்கு முன். முறைப்பாடும் வாக்குமூலமும் ஒரே மாதிரி இருந்தால் விளக்கமறியல், வழக்கு முடியும்வரை சிறை. வாகனக் களவு வழக்கு ஒன்று பெயரில் ஏறினால், ஆட்களை ஏற்றும் ஓட்டோவின் அனுமதிப்பத்திரத்துக்குப் பொலிஸ் நற்சான்று கிடைக்காது. கடலும் இல்லை, றோட்டும் இல்லை. முதுகு பிசகியவனுக்கு மூன்றாவது தொழில் எங்கள் தீவில் கிடையாது.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு யாரையோ பார்க்க வந்தவன்போலக் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தாடையைக் கட்டியிருப்பவனுக்கு வாழைப்பழம்.

முகம் முகமாக இல்லை. தலையைச் சுற்றிக் கட்டு. மூக்குக்குக் கீழே நீலமும் கறுப்பும். இடது கை கட்டிலின் இரும்போடு விலங்கில் இருந்தது. பக்கத்தில் கதிரையில் ஒரு பொலிஸ்காரர். மனைவி கஞ்சி வாங்கப் போயிருந்தாராம். மார்பில் ஒரு பாடசாலைக் கொப்பி கிடந்தது. அதில்தான் பொலிஸுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கொப்பியைத் திறந்து காட்டினார். பெரிய எழுத்து, கோணல் எழுத்து. திறப்பு ஆணியிலை கிடந்தது. நான்தான் எடுத்தனான். கீழே ஒப்பம்.

ஏன் இப்படி எழுதினீர் என்று கேட்டேன். அவர் கொப்பியை வாங்கி, விலங்கு இல்லாத கையால் கன நேரம் எழுதினார். பொலிஸ்காரர் எட்டிப் பார்க்கவில்லை.

“ஐயா உங்களுக்கு வயது எழுவது தாண்டீட்டுது. உந்த அடி தாங்க மாட்டியள்.”

நான் வாசித்ததும் அந்தத் துண்டைக் கிழித்துக் கசக்கி என் வாழைப்பழப் பைக்குள் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதில் பெருந்தன்மை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஓட்டைப் படகில் எதை முதலில் கடலில் எறிவது என்று கணக்குப் பார்த்த ஒரு மனிதனின் வேலை அது. துறையில் நான் குனிந்த நேரமே என்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டார். அதற்குப் பிறகு நான் ஒரு பாரம். பாரத்தை ஒதுக்கிவிட்டார்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பதிவேட்டைக் கொண்டுபோனேன். சார்ஜன் நல்லவர். முறைப்பாட்டாளரும் சந்தேகநபரும் ஒரே கதையைச் சொல்லியிருக்கும்போது மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்டார். கண்கண்ட சாட்சி தானாக வந்து கொடுக்கும் வாக்குமூலத்தைப் பதியாமல் விடமுடியாது என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தார். முப்பத்தாறு வருடம் வாக்கியம் அமைத்தவன் நான். அன்று வாக்கியம் வரவில்லை. “திறப்பை நான் குடுத்தனான். எடுக்கச் சொன்னதும் நான்தான். அவர் மாட்டன் எண்டவர்,” என்று மட்டும் சொன்னேன். அந்த மச்சானின் ஒப்பம் இருந்த பக்கத்தைக் காட்டினேன். கூட்டக் குறிப்பையும் காட்டி, விதி செல்லாத விதி, பிழை என்னுடையது என்றேன். யார் பிளக்கைச் சுழற்றியது என்றும், என் சொந்தக்காரர் இருவரின் பெயரையும் சொன்னேன். அந்த அர்ச்சனைத் தட்டு அம்மாவை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நேற்றே வந்திருக்கலாமே ஐயா என்றார் சார்ஜன். நான் ஒப்பம் வைத்தேன்.

ஒப்பத்தைச் சரிபார்க்க ஒப்பந்தகாரரையும் மச்சானையும் அழைத்திருந்தார்கள். ஒப்பந்தகாரர் பதிவேட்டைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். இது உன்ரை கையெழுத்தோ என்று கேட்டார். அவர் அந்த இடத்திலேயே, சார்ஜனின் மேசைக்கு முன்னால், அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சார்ஜன் எழுந்து, இது பொலிஸ் நிலையம் என்று ஞாபகப்படுத்தினார். முறைப்பாட்டைத் திருப்பி எடுப்பதாக ஒப்பந்தகாரர் சொன்னார். அது அவர் நல்லவர் என்பதால் அல்ல. களவு இல்லையென்றால் மிஞ்சுவது கடுங்காயம். அந்த வழக்கின் எதிராளிகள் யார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

நான் வெளியே வந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் அந்த மச்சான் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

“கிழட்டு நாயே, நேற்று உனக்கு வாய் இருக்கேல்லையே?”

அவன் என் வாயிலேயே குத்தினான். கையில் தலைக்கவசம் இருந்தது. முதல் அடி முட்டியால், இரண்டாவது அதனால். நிலத்தில் விழுந்தபோது நாக்கில் ஏதோ சின்னதாகக் கல் மாதிரி உருண்டது. துப்பினேன். கீழ்ப்பல் இரண்டு. விலாவில் ஓர் உதை விழுந்தது. அதற்குள் பொலிஸார் ஓடி வந்து அவனைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மொத்தமாக ஒரு நிமிடம் வராது. முதல் நாள் நான் பயந்து குனிந்தது இவ்வளவுக்குத்தானா என்று நினைத்தபோது எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, வெட்கம்.

சார்ஜன் என்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்; அதற்கான படிவத்தையும் தந்தார். சட்டைப் பையிலிருந்த லேஞ்சித் துணியை வாயில் பொத்திக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் வாயைக் காட்டியிருக்கவேண்டும். நான் நேரே மாடிக்கு ஏறினேன்.

நீதவான் வந்து, பொலிஸின் புதிய அறிக்கையைப் பார்த்து, விடுவித்துவிட்டுப் போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. கதிரையில் பொலிஸ்காரர் இல்லை. கட்டிலில் விலங்கு இல்லை. மண்டைதீவுக்காரர் இடது மணிக்கட்டை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் நின்று, ஒரு குழாயால் அவருக்குப் பால் பருக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த பெண், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. நான் யாரென்று அந்தப் பெண் கேட்கவில்லை. அந்தக் கொப்பியில் பொலிஸுக்கு எழுதாததையெல்லாம் அவர் மனைவிக்கு எழுதியிருக்கவேண்டும்.

நான் லேஞ்சியை எடுத்தேன். மண்டைதீவுக்காரர் என் வாயைப் பார்த்தார். ஏதோ சொல்லவேண்டும்போலத் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, கம்பி விடவில்லை. நானும் வாயைத் திறந்தேன். உதடு தடித்துப்போயிருந்தது; வந்தது எச்சிலும் இரத்தமும்.

“ரெண்டு பேருக்கும் இப்ப வாய் ஏலாது,” என்றார் மனைவி. “அப்ப நான் கதைக்கிறன்.”

பால் கோப்பையை அலுமாரியில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். குரல் உயரவே இல்லை.

“ஐயா, இவர் நிலத்திலை கிடந்து உங்களைப் பாக்கேக்கை, நீங்கள் எவ்வளவு தூரத்திலை நிண்டனீங்கள்?”

சொல்ல முடியாது. கையால் காட்டினேன். இந்தக் கட்டிலிலிருந்து அடுத்த கட்டில். அதில் கால் முறிந்து கிடந்த முதியவர் தன்னைத்தான் காட்டுகிறேன் என்று எண்ணி எழும்பி உட்கார்ந்தார்.

மனைவி அந்த இடைவெளியைப் பார்த்தார். கண்ணால் அளப்பதுபோல இங்கேயிருந்து அங்கேவரை, அங்கேயிருந்து இங்கேவரை. பிறகு கோப்பையை எடுத்துக் குழாயைக் கணவனின் உதட்டுக்குள் வைத்தார். அவர் குடிக்கத் தொடங்கினார். என்னை இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.